நல்லவாடு மைக் செட்டும் நம்ம வாட்ஸ்அப்பும்



போன வருஷம் ஒரு அறக்கட்டளை, குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. நல்ல மனசுதான். ஆனால் அறிவிப்பு அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் மட்டும், முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. கடைசித் தேதி முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கம்பி கட்டும் வேலை பார்க்கிற என் அப்பா, அந்த செமஸ்டர் ஃபீஸுக்கு அம்மாவின் கம்மலை அடகு வைத்தார். அந்தப் பதிவுக்கு முந்நூறுக்கு மேல் லைக் விழுந்திருந்தது. லைக் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பணம் தேவைப்பட்டிருக்கும்?

தொண்டு நிறுவனங்கள் இணையம் வழியாக மக்களை எப்படிச் சென்றடையலாம் என்பதற்கு நம்ம புதுச்சேரியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஃபேஸ்புக் பிறந்தது 2004-ல். அதற்கு ஆறு வருஷம் முன்னாடியே, 1998-ல், சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடா நாட்டு நிதியுதவியும் கிடைத்தது. வில்லியனூரில் தலைமை மையம். வீராம்பட்டினம், ஏம்பலம் போன்ற ஊர்களில் கிளை மையங்கள்.

கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு அவர்கள் கிளம்பிவிடவில்லை. உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் ஊர் மக்களைக் கேட்டார்கள். இடத்தை ஊர்தான் கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்குள் எந்தச் சாதிக்காரரும் தடையில்லாமல் வர வேண்டும் என்பது நிபந்தனை. என்னைக் கேட்டால், கம்ப்யூட்டரை விட இந்த நிபந்தனைதான் பெரிய விஷயம்.

நான் இ.சி.இ. என்பதால் அடுத்ததைச் சொல்லாமல் விட முடியாது. அப்போது கிராமங்களில் டெலிபோன் லைனை நம்ப முடியாது. வில்லியனூரில் இணையத்திலிருந்து எடுத்த தகவலைத் தமிழாக்கி, வி.எச்.எஃப். ரேடியோ மூலமாகக் கிளை மையங்களுக்கு அனுப்பினார்கள். கரண்ட் போனால் சோலார். நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற ரேடியோ அலை, அங்கே செய்தி சுமந்திருக்கிறது!

வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்த முன்னறிவிப்பு கிடைத்தது. அதை அப்படியே ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தால் யாருக்கு என்ன பயன்? தமிழில், ஒலிபெருக்கியில், கடலுக்குப் போகிறவர் காதில் விழும்படி சொன்னார்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, மைக்குல சொன்னது நம்ம ஊர்ப் புள்ளைங்க. அதனால நின்னு கேட்டோம்" என்றார். இதற்கெல்லாம் மேலே, 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். அதற்குள் தண்ணீர் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தது. தகவல் மையம் பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் ஊரையே ஓடச் சொன்னார்கள். வீடும் படகும் போயின. 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தார்கள். கடல் தாண்டி வந்தது ஒரே ஒரு போன்தான். அதை ஊர் முழுக்கக் கொண்டு சேர்த்தது, தினமும் கேட்டுப் பழகிய அந்த மைக் செட். புதுசாக வைத்த மைக்காக இருந்தால் அத்தனை பேரும் உடனே நம்பி ஓடியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

பிற்பாடு 2007-ல் அதே நிறுவனம் மீனவர்களுக்காகக் கைப்பேசித் திட்டத்தையும் கொண்டுவந்தது. கருவி மாறியது, அலை உயரம், காற்று என்று தேவை அதேதான்.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் தெருவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு மாலை நேர இலவச டியூஷன் ஆரம்பித்தோம். நான் ஆங்கிலத்தில் அழகான போஸ்டர் தயாரித்து, பதினோரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கட்டைவிரல், கைத்தட்டல் எல்லாம் வந்தது. வந்த பிள்ளைகள் இரண்டு. அதில் ஒன்று என் தங்கை! என்னைத் திட்ட வைத்த அறக்கட்டளை செய்த தப்பையே நானும் செய்திருக்கிறேன்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஆனால் யாராவது வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரண்டு தடவை கேட்பார். அதனால் போஸ்டரை விட்டுவிட்டு அம்மாவையே பேசச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு, "சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம மாரியம்மன் கோயில் பக்கத்துல புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தராங்க, காசு கிடையாது, அனுப்பி வைங்கக்கா" என்று அரை நிமிஷம் பேசினார். மகளிர் குழு அக்காக்களுக்கு அதை அனுப்பினோம். எத்தனை மணிக்கு விடுவீர்கள், இருட்டில் யார் கூட்டி வருவது என்று உடனே நாலு பேர் திருப்பிக் கேட்டார்கள். என் போஸ்டரைப் பார்த்து ஒருவர்கூட எதுவும் கேட்டதில்லை. எட்டு மணிக்கு நாங்களே வீட்டில் கொண்டுவந்து விடுகிறோம் என்று அம்மா பதில் பேசி அனுப்பினார்.

மறுநாள் பதினேழு பிள்ளைகள். பாய் பத்தவில்லை, பக்கத்து வீட்டில் இரண்டு கடன் வாங்கினோம்.