வன்னிக் குளத்துக்கு எந்தக் கயாக்?

செட்டிகுளத்துப் பக்கம் தூண்டிலோடு தண்ணீரில் இறங்குபவருக்குக் கிடைப்பது கடலல்ல, குளம். பாவற்குளம் போல நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழுள்ள பெரிய குளமும் உண்டு. மாரியில் நிரம்பிக் கோடையில் தரையாகிவிடும் சிறு குளங்களும் ஊருக்கு ஊர் உண்டு. முதல் கயாக் வாங்க நினைப்பவரோ கடலையும் பேராற்றையும் மனதில் வைத்து எழுதப்பட்ட விளம்பரங்களைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறார். அங்கே நீளம், வேகம், கால்மிதி, மீன்காட்டும் கருவி என்றுதான் பேச்சு நடக்கும். வன்னிக் குளத்துக்கு அவை எதுவும் முதற் கேள்வி அல்ல. நடுக்குளத்தில் கவிழ்ந்தால் தனியாகத் திரும்ப ஏற முடியுமா, ஆவணி மாதத்தில் தனியாகத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரை போக முடியுமா என்ற இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியது மேலே அமரும் வகையைச் சேர்ந்த, பத்தடி அளவிலான, அகலமான, பாரம் குறைந்த கயாக். வேறு எதை வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்றையாவது விட்டுக்கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் குளத்தின் குணம். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை. அந்த நாட்களில் குளம் கட்டுவரை நிரம்பி வான் பாயும். தண்ணீர் வீதியருகே நிற்கும். வண்டியிலிருந்து இறக்கியவுடன் கயாக்கை மிதக்க விடலாம். சிறுபோகத்துக்குத் துருசு திறந்த பிறகு தண்ணீர் நாளுக்கு நாள் பின்வாங்கும். ஆடி, ஆவணியில் அலைகரை வெடித்த சேறாகக் கிடக்கும், தண்ணீரோ தூரத்தில் மின்னும். மீன் ஒடுங்கிய நீரில் கூடுவதால் தூண்டில்காரருக்கு நல்ல காலம் அதுதான். கயாக்கைச் சுமந்து நடக்க வேண்டிய காலமும் அதுதான். குளத்துக்குள்ளே நீருக்கடியில் பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் நிற்கும். தாமரையும் பாசியும் ஓரமெல்லாம் படர்ந்திருக்கும். விரால் தங்குவது அந்தப் படர்ந்த ஓரத்தில். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் குளங்களை நிறைத்திருக்கும் திலாப்பியா குழி பறித்து முட்டையிடுவதும் ஆழம் குறைந்த ஓரத்திலேதான். ஆகவே இங்கே கயாக் செய்யவேண்டிய வேலை ஒரு முழம் தண்ணீரில் கொடிகளுக்கிடையே சத்தமில்லாமல் நுழைந்து நிற்பது. தூரம் கடப்பது அதற்குப் பிறகு.

கயாக்கில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று உள்ளே அமர்வது. மற்றது மேலே அமர்வது. உள்ளே அமரும் கயாக் ஆர்க்டிக் கடற்கரை மக்கள் தோலையும் எலும்பையும் மரத்தையும் கொண்டு ஆக்கிய கலம். பனிக்கடலில் இடுப்புக்குக் கீழே நனையாமல் இருப்பது உயிர் பிழைக்கும் வழி என்பதால் அதன் மேற்புறத்தை மூடினார்கள். வெதுவெதுப்பான வன்னிக் குளத்து நீருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. நமக்கு அதன் குறைதான் மிஞ்சும்: கவிழ்ந்தால் உள்ளே நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் புகும். அதை நிலை கொள்ளாத ஆழத்தில் ஒற்றை ஆளாக இறைத்து வெளியேற்றுவது, பம்பு வைத்துப் பழகியவருக்கே கடினம். மேலே அமரும் கயாக்கோ நான்கு புறமும் அடைத்த, உள்ளே காற்று நிறைந்த ஒரே வார்ப்பு. அமரும் பள்ளத்திலிருந்து அடிவரை ஊடுருவும் வடிதுளைகள் வழியே மேலே விழும் தண்ணீர் தானாகவே இறங்கிவிடும். 1970களில் கலிஃபோர்னியாவின் மாலிபுக் கரையில் டிம் நீமியர் என்பவர் இந்த வகையைப் பரப்பினார் என்பார்கள். ஆனால் நிரம்புவதற்கு உட்குழிவே இல்லாத கலம் என்ற எண்ணம் சோழமண்டலக் கரைக்கும் வட இலங்கைக்கும் புதிதல்ல. கட்டுமரம் காலங்காலமாகக் கடலில் நின்றது அதனால்தான். மேலே அமரும் கயாக் கவிழ்ந்தால் அதைப் புரட்டி நிமிர்த்தி, நடுப்பகுதியில் இரண்டு கையையும் வைத்து, காலை உதைத்து, வயிறு குறுக்காகப் படும்படி ஏறி, பிறகு மல்லாந்து இருக்கையில் அமர வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பழகினால் பெரும்பாலானோருக்குக் கைவந்துவிடும். நனையாமல் மீன்பிடிக்க முடியாதே என்று குறை சொல்பவர்கள் உண்டு. உண்மை, நனையும், வெயிலில் காய்ந்தும் போகும்.

அடுத்தது நீளமும் அகலமும். நீண்ட கயாக் வேகமானது, கச்சான் காற்றில் பெரிய குளத்தின் குறுக்கே வர அதுதான் வேண்டும் என்ற வாதம் வலுவானது. அதைக் கணக்காலேயே பார்க்கலாம். ஒரு கலம் தன் அலையைத் தாண்டாமல் ஓடக்கூடிய உச்ச வேகம் அதன் நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்தடிக் கலத்துக்கு அது மணிக்கு 7.8 கிலோமீற்றர் அளவு, பன்னிரண்டடிக்கு 8.6. சாதாரண ஆள் சோர்வில்லாமல் வலிப்பது இதில் பாதியை ஒட்டிய வேகத்தில். ஆகவே ஒரு கிலோமீற்றர் கடப்பதில் நீளத்தால் மிச்சமாவது ஓரிரு நிமிடம். நேர்க்கோட்டில் ஓடுவதில் நீண்டது மேல் என்பதை மறுக்கவில்லை; தினமும் மூன்று நான்கு கிலோமீற்றர் திறந்த நீரில் வலிக்கப் போகிறவர் பன்னிரண்டடியை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் கட்டைகளுக்கிடையே திருப்பவும், கொடியிலிருந்து பின்வாங்கவும், தோளில் தூக்கவும் பத்தடியே கைக்கு அடங்கும். அகலத்தில் சிக்கனம் வேண்டாம். 32 தொடக்கம் 34 அங்குலம் இருந்தால், விரால் இழுக்கும்போது ஒரு பக்கம் சரிந்தாலும் கலம் தாங்கும். 28 அங்குலத்தில் வேகம் கூடும், தொடக்கக்காரருக்கு நெஞ்சு படபடப்பும் கூடும். அகலம் கூடக்கூடத் துடுப்பும் நீள வேண்டும். இந்த அகலத்துக்கு 230 முதல் 240 சென்ரிமீற்றர் சரி. அதைவிடக் குட்டையானது முழங்காலில் இடித்து, கையை மேலே தூக்க வைத்து, அரை மணியில் தோளை நோகச் செய்யும்.

பாரத்தைப் பற்றிப் பலர் கடையில் கேட்பதே இல்லை. பத்தடி மேலமரும் கயாக்குகளில் பல 22 முதல் 28 கிலோ வரை; பன்னிரண்டடி மீன்பிடிக் கயாக் 35 கிலோவைத் தொடும்; கால்மிதி பூட்டியவை 45 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிக் குளக்கட்டு வரை போகும்போது இந்த வித்தியாசம் தெரியாது. கட்டிலிருந்து இறங்கி, முழங்கால் புதையும் அலைகரைச் சேற்றில் தனியாக இழுக்கும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும். கால்மிதியின் நன்மை கை ஓய்ந்து தூண்டிலைப் பிடிக்கலாம் என்பது. அது கடலுக்கும் ஆழமான நீருக்கும் பொருந்தும். நம் குளத்தில் அடியில் தொங்கும் அதன் சிறகு முதலில் தாமரைக் கொடியைச் சுற்றிக்கொள்ளும், அடுத்ததாகக் கட்டையில் மோதும். சுமைத்திறன் என்று எழுதப்பட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. 150 கிலோ என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 கிலோவுக்குள் நின்றால்தான் கலம் உயர்ந்து மிதக்கும். அதற்கு மேல் வடிதுளை வழியே தண்ணீர் மேலேறி எப்போதும் ஈரத்தில் இருக்க நேரும். எழுபது கிலோ ஆள், பதினைந்து கிலோ சாமான், ஐஸ் பெட்டி, பிடித்த மீன் என்று கூட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

காற்றடைக்கும் கயாக் மலிவு, பையில் மடக்கி ஓட்டோவிலும் கொண்டுபோகலாம். சூரை முள்ளும் உடை முள்ளும் உள்ள கரையில், கட்டை நிற்கும் தண்ணீரில், தூண்டில் முள்ளையும் கையில் வைத்துக்கொண்டு அதில் அமர நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காற்றுக்கும் அது இலகுவாக அள்ளுப்படும்.

இவ்வளவும் எதற்கு, ஊரில் வள்ளம் இருக்கிறதே என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது. அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். இலங்கையின் குளத்து மீன்பிடி பெரும்பாலும் கண்ணாடியிழை வள்ளத்தில்தான் நடக்கிறது: இயந்திரமில்லை, இரண்டு பேர், செவுள் வலை. வலை போட்டுப் பிழைக்கப் போகிறவருக்கு இதுவே சரியான கலம். கயாக்கில் வலையை இழுத்துக் கிலோக்கணக்கில் மீன் ஏற்றுவது ஆபத்து. வள்ளத்துக்கு இன்னொரு பெரிய நன்மை திருத்தம். காரைநகரில் நோர்வே உதவியோடு வந்த சீநோர் படகுத் தொழிற்சாலையின் காலம் தொட்டு வடக்கில் கண்ணாடியிழை வேலை தெரிந்த கைகள் உண்டு. ஓட்டை விழுந்தால் பாயும் பிசினும் கொண்டு மன்னார்க் கரையிலேயே அடைத்துவிடலாம். கயாக்கின் பொலிஎதிலீனில் அந்தப் பிசின் ஒட்டாது. அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். ஆனால் வள்ளத்தைத் தனியாள் தூக்க முடியாது. கோடையில் தண்ணீரோடு சேர்ந்து அதையும் நகர்த்த இரண்டு மூன்று பேர் வேண்டும். ஓய்வு நாளில் தனியாகத் தூண்டில் போடுபவருக்கு இது பொருந்தாது. லொறி ரியூப்பில் மிதந்து பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். செலவே இல்லாத வழி என்பது சரி. இரண்டு காலும் தண்ணீரில் தொங்கும் அந்த வழியை முதலை வாழும் குளத்தில் எவரும் தொடரக்கூடாது.

முதலையைப் பற்றிய ஆட்சேபம் கயாக்குக்கும் எதிராக வரும், வரவும் வேண்டும். வன்னிக் குளங்களில் குளத்து முதலை உண்டு. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கயாக் தண்ணீரோடு ஒட்டித் தாழ இருப்பதும் உண்மை. அகலமான மேலமரும் கயாக்கில் காலை மேலே வைத்திருக்கலாம், கவிழும் வாய்ப்புக் குறைவு, விழுந்தாலும் சீக்கிரம் ஏறலாம். அகலத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் போட வேண்டும். மங்கல் நேரத்தில் கரையோரம் நிற்கக்கூடாது. பெரிய முதலை நடமாடுவதாக ஊரார் சொல்லும் குளத்தில் எந்தக் கயாக்கும் தகுந்த கலமல்ல. கட்டில் நின்று தூண்டில் போடுவதே முறை.

பழைய கயாக் வாங்குவதில் தவறில்லை. புரட்டிப் போட்டு அடிப்புறத்தின் பின்முனையைப் பாருங்கள். தரையில் இழுத்து இழுத்துத் தேய்வது அங்கேதான். வடிதுளையின் உள் விளிம்பில் விரலை ஓட்டினால் வெடிப்பு இருந்தால் தட்டுப்படும். பிறகு ஆளை ஏற்றி அரை மணி நேரம் மிதக்கவிட்டு, கரையேற்றி, முனையிலுள்ள அடைப்பைத் திறந்து சாய்க்க வேண்டும். சில துளிகள் வந்தால் பரவாயில்லை, ஊற்றினால் வேண்டாம். வெயிலில் நிறம் வெளுத்து மேற்பரப்பு மாவுபோல உதிர்ந்தால் பிளாஸ்டிக்கின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் மாமர நிழலில் பக்கவாட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். கோடை வெயிலில் அடி தரையில் படக் கிடத்தினால் அடிப்புறம் குழிந்துவிடும்.

குளத்தில் இறங்குமுன் அந்தக் குளத்தின் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தையும், சிறு குளமானால் கமக்காரர் அமைப்பையும் கேட்டு அனுமதி பெறுங்கள். மீன் குஞ்சை விட்டு வளர்ப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய வலையின் மிதப்புகளைச் சுற்றிப் போங்கள். வலை போடும் எண்ணம் இருந்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலை சட்டத்துக்கு ஆகாது என்பதையும், அனுமதிப்பத்திரம் நக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையின் வழியே வரவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். துருசு திறந்திருக்கும்போது அதன் வாயருகே போகாதீர்கள். கையிலுள்ள பணம் நல்ல கயாக்குக்கு மட்டும் போதும், உயிர்காப்பு அங்கிக்குப் போதாது என்றால், ஒரு படி குறைந்த கயாக்கையும் அங்கியையும் சேர்த்து வாங்குங்கள். நீந்தத் தெரிந்தவரும் அதை உடம்பில் கட்டிக்கொண்டே குளத்தில் இறங்குங்கள்.