கொத்து வாங்கும் குஞ்சு

குடியாத்தம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய குஞ்சின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாலடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இறகே இல்லை. பிடரியிலும் சொட்டை விழுந்திருக்கிறது. ஆனால் கண் தெளிவாக இருக்கிறது, சிறகு தொங்கவில்லை. தேறிவிடும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அதோடு வளரும் அந்த நாலு கிரிராஜாக் கோழிகளையும் திட்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

இன்று ராத்திரி அது அடைந்த பிறகு கையில் எடு. பகலில் துரத்திப் பிடிக்காதே, ஏற்கெனவே மிரண்டு போயிருக்கிறது. சிறகுகளைச் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு, டார்ச் அடித்து, இறகுக்கு எதிர்ப்பக்கமாக வாயால் ஊது. இறகு விலகித் தோல் தெரியும். மலத்துவாரத்தைச் சுற்றியும் சிறகுக்கு அடியிலும் வைக்கோல் நிறத்தில் ஏதாவது ஓடினால் கோழிப்பேன். இறகின் அடித்தண்டில் வெள்ளையாக அப்பிக்கொண்டிருப்பது அதன் ஈறு. அப்படி இருந்தால் வைத்தியம் ஐந்துக்கும் சேர்த்துத்தான். காய்ந்த மண், மணல், சலித்த சாம்பல் மூன்றையும் ஒரு பழைய தொட்டியில் கொட்டி வை, அதுகளே புரண்டு உதறிக்கொள்ளும். கூண்டின் பலகைச் சந்துகளை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார். துணியில் ரத்தக் கறை விழுந்தால், பகலில் சந்தில் ஒளிந்திருந்து ராத்திரி ரத்தம் குடிக்கிற உண்ணி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது கூண்டைக் காலி பண்ணிக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் போடு.

பேனும் இல்லை, உண்ணியும் இல்லை என்றால் மற்றதுகள் கொத்திப் பிடுங்கியதுதான். இந்த வயதில் குஞ்சு இறகு உதிர்ந்து பெரிய இறகு வருவதும் உண்டு. ஆனால் அது உடம்பு முழுக்கப் பரவலாக நடக்கும். வாலடியில் மட்டும் வழித்தெடுத்தாற்போல ஆகாது. சொட்டையை விரலால் தடவு. வழவழவென்று இருந்தால் இறகு வேரோடு வந்திருக்கிறது. அது ஒருவகையில் நல்லது, இரண்டு மூன்று வாரத்தில் குருத்து தலைகாட்டும். கட்டை கட்டையாக நெருடினால் இறகு நடுவில் ஒடிந்திருக்கிறது. அந்தக் கட்டை தானாக உதிர்கிற வரைக்கும் அங்கே புது இறகு வராது. அவசரப்பட்டு நீ பிடுங்கி வைக்காதே.

தோல் கிழிந்திருந்தால் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் துடைத்து, மெடிக்கலில் கிடைக்கும் அயோடின் மருந்தைத் தொட்டு வை. காய்ந்ததும் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவு. கசப்பு என்பதால் மறுபடி கொத்த வருகிற அலகும் கொஞ்சம் யோசிக்கும், ஈயும் மொய்க்காது. மழை நாளில் ஈ உட்கார்ந்து புண்ணில் புழு வைத்துவிட்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதே, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ.

இனி முக்கியமான விஷயம். இறகு முளைக்க ஆரம்பித்ததும் ‘குணமாகிவிட்டது’ என்று கூட்டத்தில் விட்டுவிடுவார்கள். நான் கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் வீட்டுக்கு வீடு இதைப் பார்த்திருக்கிறேன். குருத்து என்பது உறைக்குள் இருக்கும் இளம் இறகு, அதன் தண்டுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கொத்து பட்டால் பொலபொலவென்று ரத்தம் வரும். கோழிக்குச் சிவப்பு கண்ணில் பட்டால் போதும், அதுவரை சும்மா இருந்ததும் வந்து கொத்தும். சொட்டையாக இருக்கும்போதைவிடக் குருத்து விடும்போதுதான் காவல் அதிகம் வேண்டும். உறை உரிந்து இறகு விரிகிற வரை பொறு.

அதற்காக வீட்டுக்குள் அட்டைப்பெட்டியில் வைத்துச் சோறு ஊட்டாதே. உன்னை எனக்குத் தெரியும், மடியிலேயே வைத்திருப்பாய். நார்வேயில் ஷெல்டெருப் எப்பே என்று ஒருவர், சின்னப் பையனாக இருந்ததிலிருந்தே கோழிகளைக் கவனித்து வந்தவர். ஒவ்வொரு கோழிக்கும் யாரைக் கொத்தலாம், யாரிடம் கொத்து வாங்கவேண்டும் என்று ஒரு வரிசை உண்டு என்பதை 1921-இல் ஆய்வாகவே எழுதினார். அந்த வரிசை நிலைத்துவிட்டால் சண்டை குறையும். ஆனால் ஒன்றை இரண்டு வாரத்துக்கு மேல் கண்ணில் படாமல் பிரித்து வைத்தால் மற்றதுகளுக்கு அடையாளம் மங்கிவிடும். திரும்ப வரும்போது அது அந்நியக் கோழி, அடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இறகு முழுசாக மூட ஆறேழு வாரம் ஆகும். எனவே பிரிக்கவும் வேண்டும், கண்ணில் படவும் வேண்டும். கூண்டை ஒட்டியே கம்பிவலைத் தடுப்பு போடு, அல்லது உங்கள் பெங்களூர் அல்சூர் மார்க்கெட் பக்கம் பஞ்சாரம் கிடைத்தால் வாங்கிக் கவிழ்த்து வை. வலைக்கு இந்தப் பக்கம் அதற்கும், அந்தப் பக்கம் மற்றதுகளுக்கும் எதிரெதிரே தீவனம் வை.

‘இவ்வளவு சாதுவான கோழி ஏன் இப்படி?’ என்று கேட்டாய். கிரிராஜா உங்கள் ஊர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இனம். மளமளவென்று எடை ஏறும். நான் கொடுத்தனுப்பியது நம்ம ஊர்ச் சிறுவிடை. ஒரே வயதுதான், ஆனால் உடம்பு பாதி. அதோடு அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வருகிற பருந்துக்குப் பயந்து ஐந்தையும் நாள் முழுக்கக் கூண்டிலேயே அடைத்திருக்கிறாய். மேலே ஷீட்டு, உள்ளே சூடு, ஒரே ஒரு தட்டு. ஜோகுபாளையத்துச் சந்தில் தண்ணி லாரி வந்த அன்று குடம் வைத்துக்கொண்டு சனம் எப்படி நிற்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. கூண்டுக்குள்ளும் அதே கதைதான். மொட்டை மாடியில் டேங்குக்குப் பக்கத்து மூலையை மேலேயும் சேர்த்து வலை கட்டி மூடு. பருந்தும் வராது, அதுகளுக்குக் காலாற இடமும் கிடைக்கும். தீவனமும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் வை. ஒரு கீரைக்கட்டை எட்டிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிடு. அலகுக்கு வேலை கொடுத்தால் பிடரியை விடும். பண்ணைகளில் இதற்காக அலகையே வெட்டுவார்கள். ஐந்து கோழிக்கு அது வேண்டாத கொடுமை.

பழைய சோறும் ராகியும் மட்டும் போட்டால் இறகு வராது. இறகு பெரும்பாலும் புரதம்தான். குஞ்சுத் தீவனம் வாங்கிப் போடு. முட்டைக்கோழித் தீவனம் வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இந்த வயதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூடவே கொஞ்சம் எள்ளுப்புண்ணாக்கு, அவ்வப்போது அவித்த முட்டை. கடைக் கருவாட்டைப் பொடித்துப் போடலாமா என்று உன் அம்மா கேட்டாளாம். அதிலுள்ள உப்பு கோழிக்கு ஆகாது. இங்கே பானையில் சாணமும் கந்தலும் நனைத்துக் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடித்துப் போடுவோம். உங்கள் ஓனரிடம் போய் மாடியில் கரையான் வளர்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

சேர்க்கும் நாளில், இருட்டிய பிறகு மற்றதுகளோடு கட்டையில் ஏற்றிவிடு. விடியும்போது நீ அங்கே இருக்கவேண்டும். இரண்டு கொத்து, ஒரு துரத்தல் வரைக்கும் தலையிடாதே, அது வரிசை பேசிக்கொள்வது. மூலையில் மடக்கி விடாமல் கொத்தினால், கொத்து வாங்குவதை எடுக்காதே, கொத்துகிறதைத் தூக்கி மூன்று நாலு நாள் வேறு இடத்தில் போடு. திரும்பி வரும்போது அதன் மிடுக்கு குறைந்திருக்கும்.

வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டாயா என்று உன் அப்பாவைக் கேட்டேன், மழுப்புகிறான். முதல் வாரம் விட்ட கண் சொட்டு மருந்து மட்டும் போதாது. எட்டு வாரத்துக்கு மேல் ஊசி போடவேண்டும். மற்ற நாலுக்கும் இப்போதே போடு, இது தேறியதும் இதற்கு. மருந்துக் குப்பியை ஒரு தடவை கலக்கிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்குக் காணும். அதனால் தெருவில் யார் யார் வீட்டில் கோழி இருக்கிறது என்று விசாரித்து ஒரே நாளில் எல்லாரும் சேர்ந்து போடுங்கள். குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி வரச் சொல்.

இப்படிக்கு,
பெரியப்பா