நிகழாத குற்றமும் நீதியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும். மழைக்காலம் நெருங்குமுன் கண்மாய்க் கரையை வலுப்படுத்துவது இத்தகைய ஊர்களின் உழவர் அறிந்த கடமை. கரை உடைந்தபின் மண் சுமப்பதால் பயிர் பிழைக்காது. அவ்வாறே, குற்றம் நிகழ்ந்தபின் தண்டிப்பதினும் நிகழுமுன் தடுப்பதே நல்லரசுக்கு அழகு என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் வெள்ளம் வேறு, மனிதன் வேறு. நீர் பள்ளம் நோக்கியே பாயும். மனிதனோ தீமையை எண்ணிய பின்னும் மனம் திருந்த வல்லவன். அங்ஙனமாயின், செய்யாத குற்றத்திற்காக ஒருவனைச் சிறையில் அடைப்பது அறமாகுமா?

ஆங்கில ஆட்சி இவ்வினாவைப் பொருட்படுத்தவில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம், பிறப்பையே குற்றத்தின் அடையாளமாகக் கொண்டது. 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. யாதொரு தீங்கும் செய்யாதவரும் கைரேகை பதித்துக் காவலரின் கண்காணிப்பில் வாழ நேர்ந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்த மக்கள் பலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் ஒழிந்தது.

நாடு விடுதலை பெற்றபின் அதே வினா வேறு வடிவில் எழுந்தது. 1949 முதல் 1952 வரை சென்னை ஆட்சியின் தலைமைப் பொறுப்பை வகித்தவர், இராசபாளையத்தில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா. பொதுவுடைமைக் கட்சியினரின் கிளர்ச்சி அந்நாளில் அரசினருக்குப் பேரச்சம் விளைத்தது. 1950 பிப்ரவரியில் மத்திய அரசு தடுப்புக் காவல் சட்டத்தை இயற்றியது. அம்மசோதாவைக் கொணர்ந்த வல்லபபாய் பட்டேல், அதன்பொருட்டுத் தாம் உறக்கமின்றி இரவுகளைக் கழித்ததாகக் கூறினார்.

அப்பொழுது மலையாள நாட்டு உழவர் தலைவர் ஏ. கே. கோபாலன் சிறையில் இருந்தார். 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்த அவருக்கு, 1950 மார்ச்சு முதல் நாள் இப்புதுச் சட்டத்தின்படி ஆணை வழங்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். சென்னை இராச்சியம் எதிர் வழக்காடியது. மே 19ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. காவலுக்குரிய காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடலாகாது என்ற பிரிவு செல்லாது என்றாயிற்று. ஆயினும் ஆறு நீதிபதிகளுள் நால்வர் கோபாலனின் மனுவைத் தள்ளினர். பசல் அலியும் மகாஜனும் மாறுபட்டனர். சட்டம் இயற்றப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அது வகுக்கும் நெறி நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்பது பசல் அலியின் கருத்து. ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின், 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்நெறியை ஏற்றது. சிறையிலிருந்த கோபாலனோ 1952இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

தடுப்புக் காவல் இன்றும் மறையவில்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டப்படி ஒருவரை ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு இவ்வதிகாரத்திற்குச் சில வரம்புகளை விதித்துள்ளது. காவலின் காரணத்தைக் கைதிக்கு அறிவித்தல் வேண்டும். அவன் தன் மறுப்பைத் தெரிவிக்க வாய்ப்பளித்தல் வேண்டும். அறிவுரைக் குழுவின் ஒப்புதலின்றி மூன்று திங்களுக்கு மேல் காவலை நீட்டித்தல் பொதுவாக இயலாது.

இவ்வரம்புகள் ஏன் வேண்டும்? திருடியவன் மீது திருட்டை மெய்ப்பிக்கச் சான்று உண்டு. திருடாதவன் தான் நாளையும் திருடப் போவதில்லை என்பதை எங்ஙனம் மெய்ப்பிப்பான்? நாளைக்குச் சாட்சி இல்லை. ஆகவே, ஐயத்தின் பேரில் ஒருவனை அடைக்கும்போது தவறு நேரினும் அத்தவறு வெளிப்படுவதில்லை. குற்றம் நிகழாவிடில், காவலினால் அது நின்றது என்று அதிகாரம் படைத்தோர் எளிதில் கூறிவிடலாம்.

பாண்டியன் ஆராயாது இட்ட கட்டளையால் கோவலன் உயிரிழந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. ஆராய்ச்சிக்கு இடமிருந்தும் ஆராயாமையே அங்குக் குற்றமாயிற்று. ஆராய்வதற்கு ஒரு செயலே நிகழாத இடத்தில் அரசு எத்துணை விழிப்புடன் நடத்தல் வேண்டும்! நாட்டின் பாதுகாப்பு இன்றியமையாதது. எனினும் அச்சத்தைச் சான்றாகக் கொள்ளாமையே நீதியின் முதற்படியாகும்.