குடலும் ஒரு வயல்தான்: வேலூர் ஆய்வு நமக்குச் சொல்லும் பாடம்

தென்காசிப் பக்கம் சாரல் ஆரம்பித்து, குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் நமக்கெல்லாம் சந்தோஷம்தான். அதே நாட்களில் ஓடைத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் கலங்கும். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்துவிடும். அப்போது என்ன செய்யணும், நம்ம பழைய சோற்றுக்கு இதில் என்ன பங்கு என்பதை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு விஷயம். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். கடன் கேட்டு வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆவணத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். உணவைப் பற்றிய பேச்சுக்கும் அதே விதிதான். எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? என்ன வித்தியாசம் வந்தது? இந்த மூன்று கேள்வியையும் கேட்டுப் பழகணும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குடல் மருத்துவராக இருந்தவர் பி. எஸ். ராமகிருஷ்ணா. நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. சிறுகுடலில் செரிக்காமல் வருகிற நாரையும் மாவையும் அவை நொதிக்க வைத்து, சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அதில் ஒன்று பியூட்டிரேட். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான சாப்பாடே அதுதான். இந்த அமிலங்களைக் குடல் உறிஞ்சும்போது உப்பும் தண்ணீரும் கூடவே உள்ளே போகும். வயிற்றுப்போக்கு நேரத்தில் இந்த அமிலங்கள் குறைந்துபோகின்றன என்று ராமகிருஷ்ணாவும் வி. ஐ. மாத்தனும் 1993இல் எழுதினார்கள்.

அப்படியானால் நுண்ணுயிருக்குத் தீனி கொடுத்தால் என்ன? காலரா வந்த 48 பேரை 16 பேர் வீதம் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவது குழுவுக்கு 50 கிராம் 'செரிக்காத மாவு'. இது அமைலோஸ் அதிகமுள்ள மக்காச்சோளத்தில் எடுத்தது. வயிற்றுப்போக்கு நிற்க முதல் குழுவுக்குச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. அரிசி மாவுக் குழுவுக்கு 71 மணி. செரிக்காத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி. 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வந்தது. காலரா நஞ்சு தாக்குவது சிறுகுடலைத்தான். கீழே இருக்கிற பெருங்குடலால் தண்ணீரை இழுக்க முடியும், அதற்குத் தீனி கிடைத்தால் போதும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

நமக்கு இது புதுசா? மண்ணில் நாம் செய்வதும் இதுதானே. நேரடியாகப் பயிருக்கு ஊட்டாமல், மட்கும் மூடாக்கும் போட்டு மண்ணுயிருக்குத் தீனி கொடுக்கிறோம். அது பயிரைப் பார்த்துக்கொள்கிறது.

இனி பழைய சோறு. வேகவைத்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாவில் ஒரு பங்கு இறுகி, செரிக்காத மாவாக மாறுகிறது. குழையாமல் உதிரியாக வேகும் அரிசியில் பொதுவாக அமைலோஸ் கூடுதல். அதனால் இந்த மாற்றமும் கூடுதல். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிரும் பெருகும். குடல் அழற்சி நோயாளிகளிடம் பழைய சோறு என்ன செய்கிறது என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் ஆய்வில் இறங்கினார்கள். ஆனால் வேலூரில் கொடுத்தது அளந்து எடுத்த மக்காச்சோள மாவு. பழைய சோறு இல்லை. 'பழைய சோறு காலராவைக் குணமாக்கும்' என்று யாராவது அரிசிப் பையில் அச்சடித்தால் அது பொய்க் கையெழுத்து.

நல்ல நுண்ணுயிரை நேராகக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் நம் நாட்டிலேயே உண்டு. ஒடிசா கிராமங்களில் பினாகி பாணிக்ராஹி குழுவினர், பிறந்து சில நாளே ஆன 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தினார்கள். லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் வகையில் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ரகத்தையும், அதற்குத் தீனியாக ஒரு நார்ச் சர்க்கரையையும் ஏழு நாள் கொடுத்தார்கள். இரத்தத் தொற்றோ மரணமோ 100க்கு 9 என்றிருந்தது 5.4 ஆகக் குறைந்தது. 2017இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. வித்தையும் உரத்தையும் சேர்த்தே கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் ரகம் மாறினால் பலனும் மாறும். இதைப் படித்துவிட்டுப் பச்சைக் குழந்தைக்கு நீராகாரம் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான்.

மரபணு சொல்வதையும் கேளுங்கள். கிரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கும் 'நாட்-2' என்ற மரபணுவில் வரும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருப்பதை 2001இல் ஐரோப்பியரிடம் கண்டுபிடித்தார்கள். நுண்ணுயிரின் சுவர்த் துண்டை அடையாளம் காணும் மரபணு அது. நம் நாட்டு நோயாளிகளிடம் தேடியபோது அந்த மூன்று மாற்றங்களும் அரிதாகவே கிடைத்தன. நோய் ஒன்றுதான், வந்த வழி வேறு. தஞ்சாவூர் ரகத்தை அப்படியே கொண்டுவந்து நம்ம சிற்றாற்றுப் பாசனத்தில் போட்டால் அதே விளைச்சலை எதிர்பார்ப்போமா? அங்கங்கே சோதித்துப் பார்க்கணும்.

இந்தச் சாரலுக்கு நாம் செய்ய வேண்டியது:

1. வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். லிட்டர் பொட்டலம் என்றால், ஓ.ஆர்.எஸ். ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, இரத்தம் கலந்து போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

2. பழைய சோற்றுக்கும் காய்ச்சி ஆறின தண்ணீரே ஊற்றுங்கள். மதியச் சோற்றைச் சூடாறாமல் மூடி நெடுநேரம் வெளியே வைக்காதீர்கள். சோற்றில் தப்பிப் பிழைக்கும் கிருமி வித்து உண்டு. அதுவே வாந்தி, பேதி கொடுக்கும்.

3. ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் நிலத்துக்கு. வயிற்றுக்கு இல்லை.

4. குடல் அழற்சிக்கு மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டுச் சோற்றை நம்ப வேண்டாம். மருத்துவரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் அரிசியை விற்கும்போது தெரிந்ததை மட்டும் சொல்வோம். உதிரியாக வேகும், நஞ்சில்லாமல் விளைந்தது, பழையதுக்கு நல்லா இருக்கும். இவ்வளவு போதும். வாங்குகிறவர் அடுத்த மாசமும் தேடி வருவார்.