பிள்ளைக்குத் தரை வேண்டும்

என் மகள் பிறக்கும்போது 2.7 கிலோ. காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குக் குழந்தை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "எத்தனை கிலோ?" என்றுதான். சொன்னதும் முகம் மாறும். "நோஞ்சானா இருக்கே, ஒனக்குப் பால் பத்தலையோ?" என்பார்கள். பக்கத்துத் தெருவில் அமுல் பேபி மாதிரி இருக்கும் இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அவர்கள் போனபிறகு நான் அழுவேன்.

நாலாம் மாதத்தில் டப்பாப்பால் வாங்கிப் புட்டியில் கொடுக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. 5.3 கிலோவாக இருந்தவள் 5.1க்கு இறங்கினாள். எனக்குப் பால் குறைவே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை சிறுநீர் போகிறாள், குடித்து முடித்துத் தானாகவே மார்பை விடுகிறாள் என்றால் பால் போதுகிறது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் வந்தவர் போனவர் பேச்சைக் கேட்டேன். டாக்டர் புட்டியை நிறுத்தச் சொன்னார். இரவு பகல் பாராமல் அடிக்கடி தாய்ப்பால் கொடுத்ததில் இரண்டு வாரத்தில் தேறினாள்.

அந்த மாதம் அங்கன்வாடியில் தொங்கு தராசில் எடை பார்த்த அக்கா, அட்டையில் புள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அடுத்த பிள்ளையப் பாக்காதம்மா. ஒம் பிள்ளையோட போன மாசப் புள்ளியப் பாரு. கோடு ஏறுதா, அது போதும்." மகளின் புள்ளிகள் பச்சைப் பட்டையின் கீழ்ப்பகுதியில் இருந்தன, ஆனால் பச்சையில்தான் இருந்தன. அட்டையில் உள்ள வளைகோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல். மாதாமாதம் எடை பார்த்து, ஏற்றம் நின்றுபோன பிள்ளையைக் கண்டுபிடித்துச் சத்துணவு கொடுக்கும் முறையைத் தமிழ்நாடு 1980இலேயே நமக்குப் பக்கத்தில் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் நாம் இன்னும் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துத்தான் ஆரோக்கியத்தை அளக்கிறோம்.

எடை முழுக் கதையும் சொல்லாது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. நம் பிள்ளைகள் எடையில் அவ்வளவு குறைவாக இருந்தும், தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தசை அதிகமாகக் குறைந்திருந்தது. இதைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. மேலே மேலே கொழுப்பை ஏற்றிக் கொழுகொழுவென்று ஆக்கி என்ன செய்வது? கைகாலை ஆட்டிப் புரண்டு தவழ்ந்தால்தானே உடம்பு உறுதிப்படும்?

அங்கேயும் நான் தவறு செய்திருந்தேன். தரை சில்லென்று இருக்கும், சளி பிடிக்கும், எறும்பு கடிக்கும் என்று அவளைக் கீழே விட்டதே இல்லை. சேலைத் தொட்டில், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் மடி. ஐந்து மாதம் ஆகியும் குப்புற விழவில்லை. வழி காட்டியது என் மாமனாரின் தாயார், எங்கள் எல்லோருக்கும் அப்பத்தா. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பார். அப்போது அவள் கழுத்தை நிமிர்த்தி, எதிரே நின்ற செம்பைப் பார்ப்பாள். ஒரு நிமிடம் தலை ஆடும், அப்புறம் தொய்ந்துபோய் அப்பத்தாவின் கணுக்காலில் கன்னம் வைத்துக்கொள்வாள். மறுபடி நிமிர்வாள். டாக்டர் செய்யச் சொன்ன பயிற்சி இதேதான். (மூக்கில் காதில் எண்ணெய் விடுவதை மட்டும் டாக்டர் சொன்னதால் நிறுத்திவிட்டோம்.)

எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் கோரைப்பாய், அதன் மேல் ஒரு பருத்தி வேட்டி விரித்தேன். பால் குடித்தவுடன் வேண்டாம், கக்கிவிடும். தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும்போது மூன்று நிமிடம் குப்புறப் போட்டேன். சுருட்டிய துண்டை மார்புக்கடியில் வைத்தால் எளிதாக இருந்தது. அழுதால் உடனே தூக்கிவிடுவேன். அவளை இழுத்தது விளையாட்டுச் சாமான் இல்லை, தரையோடு தரையாகப் படுத்த என் முகம். அவள் அப்பச்சி, என் கணவர், வேலை முடிந்து வந்து மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் போட்டுக்கொள்வார். ஒரு வயதுக்குள், இன்னும் நகரப் பழகாத பிள்ளையைத் தினமும் விழித்திருக்கும்போது மொத்தம் அரை மணி நேரமாவது குப்புற விடுங்கள், ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடாதீர்கள், செல்போன் காட்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கத்தான்.

நம் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி, கைகொட்டல். ஒரு வயதைத் தாண்டினால் வருகை. பிள்ளை எத்தனை கனம் என்று பாடுவதற்கு ஒரு பருவம்கூட இல்லை.

ஆறாம் மாதம் புரண்டாள். அப்போது எடை 6.1. அன்றிலிருந்து கேப்பைக் கூழ், பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை போடவில்லை, தேனும் கொடுக்கவில்லை. வாயை மூடித் தலையைத் திருப்பினால் கிண்ணத்தை எடுத்துவிடுவேன். உட்கார வைத்து உருட்டும் வாக்கர் வாங்கவில்லை. கனடா அதன் விற்பனையை 2004இலேயே தடைசெய்துவிட்டது. வளவிலிருந்து முற்றத்துக்குப் படி இறங்கும் நம் வீடுகளில் அது இன்னும் ஆபத்து. நிற்கப் பழகியதும் பின்னால் நின்று தள்ளும் மர நடைவண்டி கொடுத்தோம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

குண்டாக இருக்கும் கைக்குழந்தைக்குப் பாலைக் குறைக்காதீர்கள், அதற்கும் தேவை தரைதான். எடைக்கோடு இரண்டு மாதம் ஏறாமல் நின்றாலோ, நாலு மாதத்தில் கழுத்து நிற்காவிட்டாலோ, ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டாலோ, ஒன்றரை வயதில் நடக்காவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். மற்றவர் வாயால் வரும் அளவைக் காதில் வாங்காதீர்கள்.

முதல் பிறந்தநாளில் என் மகள் 7.8 கிலோ. குழந்தை பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: தொட்டிலை எட்டிப் பார்த்து எடை கேட்பதை விட்டுவிட்டு, பாயில் அதன் முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கைதட்டிவிட்டு வாருங்கள்.