நகைக்கு நான்கு வாசல்

ஆங்கில நாடகங்களின் நகைச்சுவையைத் தமிழ் இலக்கணம் கொண்டு அளக்கலாம். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறார். மழலைக்குச் சிரிக்க விளக்கம் தேவையில்லை, இளமையை விட்டுவிடுவோம்.

ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' (1775) நாடகத்தில் மாலப்ராப் அம்மையார் முதலையைச் சொல்ல வந்து, ஒலி ஒத்திருப்பதால், உருவகத்துக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்வார். இது பேதைமை. பெரிய படிப்பாளி என்ற நினைப்போடு அவர் பேசுவதால் சிரிப்பு இரட்டிப்பாகிறது.

கேட்டதை ஆராயாமல் அப்படியே கொள்வது மடன் என்பார் இளம்பூரணர். 1891-ல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுப்பான். 1941-ல் வந்த படத்தில் காளி என். ரத்தினம் அந்த வேடத்தில் வெளுத்து வாங்கினார்!

எள்ளலுக்கு ஆஸ்கார் வைல்ட். 1895-ல் மேடையேறிய அவருடைய நாடகத்தில் இருவர் 'எர்னஸ்ட்' என்று பொய்ப்பெயர் சொல்லித் திரிகிறார்கள். அந்த ஒலிக்கே உண்மையுள்ளம் என்ற பொருளும் உண்டு. இந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டுவர முடியுமா? 'மெய்யப்பன்' என்று வைத்துப் பார்த்தேன். பொய் சொல்லித் திரியும் மெய்யப்பன்! எனக்கே சிரிப்பு வந்தது.

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த என் மகளிடம் சொன்னேன். வைல்டைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தவள், "மெய் என்றால் என்னப்பா?" என்றாள். விளக்கிய சிலேடைக்கு யார் சிரிப்பார்கள்? மெய்யெழுத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம், இப்போது 'ங்' வரை வந்தாயிற்று.