எண்ணி முடித்த பிறகுதான் வேலை

தெற்கு இங்கிலாந்தின் சர்ரேயில் நான் குடியிருக்கும் ஊரை ஒட்டி ஒரு ஹீத்லாந்து இயற்கைக் காப்பகம் இருக்கிறது. சத்தில்லாத மணல் மண், அதில் ஹெதர் செடிகள், மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முள்புதர்கள்: அதுதான் ஹீத்லாந்து. அங்கே மேயும் மாடுகளைத் தினமும் ஒரு தன்னார்வலர் போய்ப் பார்த்துவர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் என் முறை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் சொல்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மாடு ஏன் அங்கே நிற்கிறது?

பிரிட்டனின் தாழ்நில ஹீத்லாந்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 1800-க்குப் பிறகு அழிந்துவிட்டது. மிச்சத்தையும் சும்மா விட்டால் பிர்ச்சும் பைனும் முளைத்துக் காடாகிவிடும். முன்பு ஊர்க்காரர்கள் மாடு மேய்த்தும் விறகுக்குக் கோர்ஸ் வெட்டியும் வந்ததால்தான் நிலம் திறந்தே கிடந்தது. அந்த வழக்கம் ஓய்ந்துபோக, இப்போது காப்பகமே மாடுகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

எங்களுடையவை பெல்டட் காலோவே. ஸ்காட்லாந்து இனம், கறுப்பு உடம்பின் நடுவே வெள்ளைப் பட்டை, எல்லாம் மோழை. ரோமம் இரண்டு அடுக்கு என்பதால் குளிரையும் மழையையும் தாங்கும், மட்டமான புல்லைத் தின்றே தேறும். முரட்டுப் புல்லை நாக்கால் சுழற்றிப் பிடுங்குவதால் ஹெதருக்கு வெளிச்சம் கிடைக்கிறது. குளம்பு கிளறிய வெற்று மணலில் மணல் பல்லி முட்டையிடுகிறது.

தலை எண்ணுவது தொடக்கம் மட்டுமே

இரண்டு திசைகளில் நின்று இரண்டு முறை எண்ணுங்கள். கோர்ஸ் புதருக்குள் ஒரு முழு மாடு மறைந்துவிடும். கணக்குச் சரியாக வந்ததும் திரும்பிவிடத் தோன்றும். அப்போதுதான் வேலையே தொடங்குகிறது. மந்தையைப் பார்த்தது போதாது, ஒவ்வொரு மாட்டையும் பார்க்க வேண்டும்.

கூட்டத்தை விட்டு விலகி நிற்பதை முதலில் பாருங்கள். நோய்ப்பட்ட மாடு ஒதுங்கிப்போகும். படுத்திருப்பது அசைபோடுகிறதா என்று கவனியுங்கள். தூரத்தில் இருந்தபடி மெல்லக் குரல் கொடுத்து எழுப்பி நாலடி நடக்கவிட்டால் நொண்டுகிறதா என்பது தெரிந்துவிடும். ஒரு கண்ணை மட்டும் மூடி நீர் வடிய நின்றால், ஈ மூலம் பரவும் கண்நோயாக இருக்கலாம். இங்கே அதை ‘நியூ ஃபாரஸ்ட் ஐ’ என்கிறார்கள். இடப்பக்க வயிறு மேடிட்டு உப்பியிருந்தால் அவசரம், உடனே தொலைபேசியை எடுங்கள். கோடையில் ஈ பரப்பும் மடிநோய் பால் கறக்காத மாட்டுக்கும் கிடேரிக்கும்கூட வரும் என்பதால் மடியையும் பாருங்கள். சாணம் கஞ்சிபோல் நீர்த்துக் கிடந்தால் எந்த மாடு என்று கண்டுபிடிக்கப் பாருங்கள்.

கழுத்துப்பட்டை சொல்வதும் சொல்லாததும்

வேலி இல்லாத இடங்களில் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டியிருப்பார்கள். எல்லையை நெருங்கினால் முதலில் ஓசை, அதையும் மீறினால் லேசான மின்துடிப்பு. மாடு எங்கே இருக்கிறது என்று கைபேசியிலேயே தெரிவதால் தேடும் நேரம் மிச்சம். ஆனால் கண் சிவந்திருப்பதை அது சொல்லாது. பட்டை கழுத்தை அறுக்கிறதா என்பதையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

மாட்டைச் சுற்றியும் பாருங்கள்

தண்ணீர்த் தொட்டியில் மிதவையை ஒருமுறை அமுக்கிவிட்டு நீர் வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். வெயில் நாளில் வறண்ட தொட்டியும் குளிர்காலத்தில் உறைந்த தொட்டியும் ஒன்றுதான். அக்கம்பக்கத்து வீட்டார் தோட்டக் கழிவை வேலிக்கு இந்தப் பக்கம் கொட்டியிருந்தால் கட்டாயம் தெரிவியுங்கள். அதில் யூ மரத்தின் கிளையோ ரோடோடென்ட்ரான் இலையோ இருந்தால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. இலையுதிர் காலத்தில் ஓக் மரத்தடியில் ஏகோர்ன் காய்கள் குவிந்து கிடக்கும். அதிகம் தின்றால் சிறுநீரகம் கெடும்.

நாயுடன் வருபவர்களிடம் சண்டை வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள். சட்டப்படி பொது அணுகல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும். கால்நடைக்கு அருகில் என்றால் ஆண்டு முழுவதும். நைட்ஜார் பறவை தரையிலேயே முட்டையிடும் என்று சொன்னால் பலரும் தாமாகவே கயிற்றை மாட்டுகிறார்கள். நாயின் மலத்தில் உள்ள நியோஸ்போரா கிருமி மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் என்பதையும் சொல்லலாம்.

உங்கள் பாதுகாப்பு

தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். தடவிக்கொடுக்கவோ தின்னக் கொடுக்கவோ வேண்டாம். கைத்தீனி பழகிய மாடு அடுத்து வருபவரையும் துரத்தும். வெளியேறும் வழி எது என்று முதலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். லைம் நோய் உண்ணிக்கடியால்தான் வருகிறது.

குறிப்பு எழுதுவது

வைத்தியம் நம் வேலையில்லை. 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி மாட்டுக்குப் பொறுப்பு அதன் உடைமையாளர். அவர் உடனே முடிவெடுக்கத் தோதாக நம் தகவல் இருக்க வேண்டும்: நேரம், இடம், படம், காதுவில்லை எண். வில்லையின் கடைசி ஐந்து இலக்கங்கள் அந்தத் தனி மாட்டுக்கு உரியவை. தொலைநோக்கி இருந்தால் தள்ளி நின்றே படித்துவிடலாம்.

குறை ஒன்றும் இல்லாத நாளிலும் ‘எல்லாம் நலம்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம் மேய்ந்தன, எத்தனை படுத்திருந்தன, எது பின்தங்கி நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். லேசான நொண்டல் இன்று வந்ததா, நேற்றே இருந்ததா என்று நாளை வருபவர் அறிய அந்த இரண்டு வரிதான் உதவும்.